குழலுக்குள் மணல்

ஜனவரி 9

அன்புள்ள அக்காவுக்கு,

இங்கு நான் நலம். உன் நலமும் மருமகன் நலமும் அறிய ஆவல். என் டிரைவர் கையில் இதைக் கொடுத்தனுப்புகிறேன். பதிலையும் அவர் கையிலேயே கொடு. தலைமையக வாசலில் போனை வாங்கி வைத்துக்கொள்கிறார்கள், வீட்டுப் போனையும் யாரோ கேட்டுக்கொண்டுதான் இருக்கிறார்கள். கடிதத்தை மட்டும் எவரும் சீண்டுவதில்லை.

மார்ச்சில் நடக்கும் படை அணிவகுப்பில் பன்னிரண்டு ஏவு வண்டிகள் வரவேண்டும் என்று மேலிடத்து உத்தரவு. வண்டிகள் பன்னிரண்டும் தயார். அவற்றின் மேல் ஏற்றும் ஏவுகணைக் குழல்கள் நான்குதான் முடிந்திருக்கின்றன. தொழிற்சாலையில் தாமதம். மீதி எட்டுக்கும் ஃபைபரில் மாதிரி வேண்டும். உருண்டையான ஒரு குழாய், இரண்டு பக்கமும் மூடி, அவ்வளவுதான். நீச்சல்குளச் சறுக்கும், பூங்காவுக்கு ஒட்டகச்சிவிங்கியும் செய்கிறவளுக்கு இது எந்த மூலைக்கு? பாகப்படம் இணைத்திருக்கிறேன்.

நம் நாடு வளர்கிறது, அக்கா. வளர்கிறவனை எல்லாரும் எண்ணிப் பார்ப்பார்கள். கடலுக்கு அந்தப் பக்கம் இருக்கும் அக்கரைக்காரன் நம் வண்டிகளை எண்ணத்தான் போகிறான். எண்ணுகிறவனுக்கு நல்ல எண்ணிக்கையாகக் கொடுத்துவிட்டால் அவன் நம் மேல் கை வைக்க மாட்டான். இதற்குப் பெயர்தான் வியூகம். உனக்கு இது புரியாது, புரியவும் வேண்டாம். படித்ததும் கிழித்துவிடு.

அன்புடன்,
உன் தம்பி


ஜனவரி 12

தம்பிக்கு,

கடிதம் வந்தது. கிழிக்கவில்லை. பாகப்படத்தோடு சேர்த்துக் கோப்பில் போட்டிருக்கிறேன். வேலைக்கு வந்த தாளை இந்தப் பட்டறையில் கிழிப்பது வழக்கமில்லை.

ஆறு வயதில் நீ அட்டைப் பெட்டியில் ஒரு வீடு செய்தாய். உள்ளே உட்கார்ந்துகொண்டு, "யாரும் வரக்கூடாது, பூட்டியிருக்கு" என்று கத்தினாய். கதவே இல்லாத பெட்டி அது. இத்தனை வருடப் படிப்பு, தோளில் இத்தனை நட்சத்திரம், நீ இன்னும் அந்தப் பெட்டியை விட்டு வெளியே வரவில்லை.

எனக்குப் புரியாது என்கிறாய். சோளக்கொல்லைப் பொம்மையில் என்ன புரியாமல் கிடக்கிறது? சட்டையை மாட்டினால் குருவி பயப்படும். முதல் வாரம் பயப்படும். இரண்டாம் வாரம் அதன் தலையிலேயே வந்து உட்காரும்.

ஆனாலும் செய்து தருகிறேன். உனக்காக இல்லை. உன் பாகப்படத்தை வரைந்தவன் மூடியில் பதினாறு போல்ட் போட்டிருக்கிறான். பதினாறு போல்ட்டுக்கு அங்கே இடமே இல்லை, ஸ்பேனர் நுழையாது. இதைப் பார்த்த பிறகு வேறு யாரிடமாவது கொடுத்தனுப்ப எனக்கு மனம் வரவில்லை. எப்படியும் ஊர் சிரிக்கத்தான் போகிறது. செய்த கை மோசம் என்று சிரிக்க வேண்டாம்.

மருமகன் நலமா என்று கேட்டிருக்கிறாய். பயிற்சி முடித்துவிட்டான். உன்னைப் போல ஆக வேண்டும் என்று வீட்டுச் சுவரில் உன் படத்தை ஒட்டியிருக்கிறான். நான் எடுக்கவில்லை. ஈரச்சுவர், தானாகவே விழும்.

உன் அக்கா


பிப்ரவரி 20

தம்பிக்கு,

எட்டும் முடிந்தன. டிரைவரோடு லாரிகளையும் அனுப்பு.

ஒரு விஷயம். மாதிரியை வண்டியில் ஏற்றிப் பார்ப்பதற்காக நீ அனுப்பிய வண்டி இங்கே நின்றதல்லவா? குழலை ஏற்றி முற்றத்தில் ஒரு சுற்று ஓட்டச் சொன்னேன். பள்ளத்தில் இறங்கியதும் குழல் குதித்தது, தம்பி. காலிப் பானை தலையில் குதிக்கிற மாதிரி. டயர் துளியும் அமுங்கவில்லை. டன் கணக்கில் சுமை இருந்தால் சக்கரம் தரையில் பரந்து நிற்க வேண்டாமா? அக்கரைக்காரன் டெலிவிஷனில் குழலைப் பார்க்க மாட்டான், சக்கரத்தைப் பார்ப்பான். நானாக இருந்தால் அதைத்தான் பார்ப்பேன்.

உங்கள் நவீனமயமாக்கல் பிரிவில் எத்தனை பேர்? அத்தனை பேரும் எத்தனை மாதம் உட்கார்ந்து யோசித்தீர்கள்? எங்கள் பெயின்டர் அரை நிமிடத்தில் சொல்லிவிட்டார்: "அக்கா, உள்ள வெயிட்டு இல்லையே, வண்டி துள்ளுதே."

அதனால் ஒவ்வொரு குழலுக்குள்ளும் மணல் மூட்டைகளைக் கட்டி இறுக்கியிருக்கிறேன். ஒவ்வொரு மூட்டையிலும் எடையை நானே எழுதினேன், முன்னும் பின்னும் சமமாக இருக்க வேண்டுமே. இப்போது சக்கரம் நன்றாக அமுங்குகிறது. உங்கள் பொய்க்கு எடை சேர்த்துக் கொடுத்திருக்கிறேன். ரசீது வேண்டாம்.

உன் அக்கா


மார்ச் 27

அன்புள்ள அக்காவுக்கு,

அணிவகுப்பைப் பார்த்தாயா? எட்டுக்கும் நான்குக்கும் எனக்கே வித்தியாசம் தெரியவில்லை. மேடையில் எனக்குப் பக்கத்தில் நின்ற அதிகாரி, "சக்கரத்தைப் பாருங்க, என்னா கனம்!" என்று வெளிநாட்டு விருந்தினரிடம் காட்டினார். சிரிப்பை அடக்கப் பெரும்பாடு பட்டேன். மணல் யோசனை என்னுடையது என்றுதான் மேலே சொல்லியிருக்கிறேன். நீ தவறாக நினைக்க மாட்டாய்.

அக்கரைப் பத்திரிகைகள் எல்லாவற்றிலும் "பன்னிரண்டு". அவர்கள் பாராளுமன்றத்தில் ஒரு நாள் முழுக்க அதே பேச்சு. வல்லரசு என்ற சொல்லை நம்மைக் குறித்து அவர்கள் வாயால் சொன்னது இதுதான் முதல் தடவை.

இன்னொரு நல்ல செய்தி. மருமகனுக்கு முதல் பணி போட்டாயிற்று. கடலோரத்தில் முனைத் தளம். நானே கையெழுத்திட்டேன். ஏவு வண்டிகள் நிற்கப் போகிற இடம் அது. மதிப்பான பணி, அதைவிடப் பாதுகாப்பான இடம் நாட்டில் இல்லை. தாய்மாமன் கடமையைச் செய்துவிட்டேன். இனியாவது என் படத்தைச் சுவரில் நேராக ஒட்டு.

அன்புடன்,
உன் தம்பி


ஜூலை 16

தம்பிக்கு,

உன் மருமகன் பத்து நாள் விடுப்பில் வந்தான். வந்ததும் குளிக்கவில்லை, சாப்பிடவில்லை. நேராகப் பட்டறைக்குள் வந்து, ஃபைபருக்குப் பூசும் ரெசின் டப்பாவைத் திறந்து முகர்ந்து பார்த்தான்.

"இதே வாசனைதாம்மா," என்றான்.

"எது?"

"எங்க வண்டி. வெயில் ஏறுனா உள்ளேருந்து இந்த வாசனை வரும். சின்ன வயசுலேருந்து உன் புடவையில இருந்த வாசனை. முதல்ல வீட்டு ஞாபகம்னு நெனச்சேன். அப்புறம் பின்மூடியக் கழட்டிப் பாத்தேன்."

நான் டப்பாவை வாங்கி மூடினேன்.

"மூட்டையில எடை எழுதியிருக்கம்மா. ஏழுக்கு நடுவுல கோடு போடுறது நீ மட்டும்தான். எனக்கு உன் ஏழு தெரியாதா?"

அணிவகுப்பு முடிந்ததும் எட்டையும் பிரித்துப் போட்டிருப்பாய் என்று நினைத்தேன். பிரிக்கவில்லை. எட்டையும் முனைத் தளத்துக்கு அனுப்பி, காகிதத்தில் அவற்றை நிஜமாக்கி, அவற்றுக்குக் காவலாக என் மகனையும் முப்பத்தியொரு பேரையும் நிறுத்தியிருக்கிறாய். நிஜமான நான்கும் எங்கே என்று கேட்டேன். தலைநகரில், உன் அலுவலகத்துக்குப் பின்னால், கொட்டகைக்குள் இருக்கின்றனவாம்.

அந்த இடத்தில் முன்பு ஒரு கலங்கரை விளக்கமும் நான்கு ஆடும்தான் இருந்ததாம். யாரும் திரும்பிப் பார்க்காத இடம். இப்போது தினமும் விடிந்ததும் அக்கரையிலிருந்து ஆளில்லா விமானம் வந்து தலைக்கு மேல் சுற்றிவிட்டுப் போகிறது. எதிர்க்கரையில் புதிதாக இருபது ஏவுகணைகளை நிறுத்தி, அத்தனையின் மூக்கையும் இந்த முனைக்கே திருப்பி வைத்திருக்கிறார்கள். அவர்களுடையது ஃபைபர் இல்லை. ஏனென்றால் அவர்களுக்கு என்னைப் போல ஒரு அக்கா இல்லை.

"சுட வந்தா திருப்பிச் சுட எங்ககிட்ட என்னம்மா இருக்கு? மணலா?" என்று கேட்டான்.

இவ்வளவு நாளும் உன்னை முட்டாள் என்று நினைத்திருந்தேன். முட்டாளாக இருந்தால் மன்னித்துவிடலாம். உண்மையைச் சொல், அந்த எட்டும் அங்கே போகிறது என்று தெரிந்துதானே கையெழுத்துப் போட்டாய்?

தம்பி உடையான் படைக்கு அஞ்சான் என்பார்கள். தம்பி படையிலேயே இருந்தால் அஞ்சத்தான் வேண்டும் போலிருக்கிறது.

அக்கா


ஆகஸ்ட் 2

அன்புள்ள அக்காவுக்கு,

நீ கோபத்தில் எழுதியிருக்கிறாய். தாய் மனம். நான் தவறாக எடுத்துக்கொள்ளவில்லை.

தெரிந்துதான் கையெழுத்திட்டேன். அக்கரைக்காரன் தொடங்கினால் முதல் அடியை எங்கே வைப்பான்? நம் ஏவுகணைகள் நிற்பதாக அவன் நம்பும் இடத்தில். அந்த அடி மணலில் விழுந்தால் நிஜமானவை பிழைக்கும். நாடு பிழைக்கும். பெரிய படைகள் எல்லாம் இப்படித்தான் யோசிக்கின்றன. ஆனால் அவன் தொடங்கவே மாட்டான், அதுதான் இதன் அழகு. மருமகனை அங்கே போட்டதே நான் அதை எவ்வளவு நம்புகிறேன் என்பதற்கு அடையாளம்.

இருந்தாலும் உனக்காக, அவனைத் தலைமையகத்துக்கு மாற்ற ஏற்பாடு செய்துவிட்டேன். என் அறைக்கு இரண்டு அறை தள்ளி மேசை, மின்விசிறி, ஜன்னல். உத்தரவு ஒரு மாதத்தில் அவன் கைக்குப் போகும்.

இதற்கிடையில் இன்னும் இருபது குழல்கள் வேண்டும். அவன் இருபது வைத்துவிட்டானே, நாம் முப்பத்திரண்டாக நிற்க வேண்டாமா? அதே அச்சு, அதே நிறம். காய வைக்கும்போது மறக்காமல் தார்ப்பாய் போட்டு மூடு. உன் பட்டறை பேருந்துச் சாலையில் இருக்கிறது.

இரண்டு விஷயத்தையும் முடிச்சுப் போட்டுப் பார்க்காதே. நான் அப்படிப்பட்டவன் இல்லை.

அன்புடன்,
உன் தம்பி


செப்டம்பர் 30

தம்பிக்கு,

முடிச்சுப் போட்டுப் பார்த்தேன். போட்டுப் பார்த்துவிட்டு, உன்னை விடக் கேவலமாக, சரி என்று வேலையைத் தொடங்கினேன். என் பிள்ளை திரும்பி வந்தால் போதும், மற்ற முப்பத்தியொரு பேரைப் பற்றி அவரவர் அம்மா கவலைப்படட்டும் என்று நினைத்தேன். இதை எழுதக் கூச்சமாகத்தான் இருக்கிறது. எழுதாவிட்டால் உனக்கும் எனக்கும் வித்தியாசம் இல்லாமல் போய்விடும்.

இருபதில் இருபதும் அச்சிலிருந்து எடுத்தாயிற்று. நேற்று உன் மருமகன் தளத்து போனிலிருந்து பேசினான். யாராவது கேட்டுக்கொண்டிருப்பார்கள் என்று தெரிந்தே பேசினான்.

"மாத்தல் உத்தரவு வந்துச்சும்மா. வேணாம்னு எழுதிக் குடுத்துட்டேன்."

"ஏண்டா? பைத்தியமா உனக்கு?"

"இங்க முப்பத்திரண்டு பேர். எல்லாருக்கும் தாய்மாமன் இருக்காராம்மா?"

அவனே மறுபடி பேசினான். "நீ இன்னும் செய்யிறியாம்மா?"

"ஆமா" என்றேன்.

"சரி" என்று வைத்துவிட்டான். அந்த ஒரு 'சரி'யில் நான் செத்துப் பிழைத்தேன்.

இன்று காலை ஒன்பது மணிக்குத் தார்ப்பாய்களை எடுத்துவிட்டேன். இருபதையும் சாலை ஓரமாக உருட்டி வரிசையாக நிறுத்தச் சொன்னேன். பெயின்டர், "அக்கா, நம்பர் இன்னும் எழுதலையே" என்றார். "எழுதுங்க, நல்லா பெருசா எழுதுங்க" என்றேன். மூடிகளைக் கழற்றிவிட்டோம், உள்ளே வெறும் காற்று தெரியட்டும் என்று.

முதலில் நின்றது நகரப் பேருந்து. கண்டக்டர் இறங்கி வந்தார்.

"என்னங்க இது, தண்ணித் தொட்டியா?"

"இல்லப்பா, நாட்டோட பாதுகாப்பு."

அவர் உள்ளே தலையை விட்டு ஒரு கூப்பாடு போட்டார். எதிரொலித்தது. பேருந்து முழுக்கச் சிரித்தது. அதற்குள் எத்தனை போன்கள் படம் எடுத்தன என்று நான் எண்ணவில்லை. எண்ணுவது உங்கள் வேலை.

உன் டிரைவர் வாசலில் நின்று வாயைப் பொத்திக்கொண்டிருக்கிறார். அழுகிறாரா சிரிக்கிறாரா தெரியவில்லை. அவர் கையிலேயே இதைக் கொடுக்கிறேன்.

அக்கா


அக்டோபர் 1

அக்கா,

மூடு. உடனே மூடு. நீ என்ன செய்திருக்கிறாய் என்று உனக்குத் தெரியவில்லை. ஆட்கள் வருவார்கள். ஒன்றும் பேசாதே. என் பெயரைச் சொல்லாதே.

தம்பி


நவம்பர் 28

அன்புள்ள அக்காவுக்கு,

இரண்டு மாதம் கழித்து நிம்மதியாக எழுதுகிறேன். இப்போது உன்னைத் திட்டப் போவதில்லை. நன்றி சொல்லப் போகிறேன்.

உன் படங்கள் அக்கரைக்குப் போய்ச் சேர்ந்தன. இரண்டு வாரம் சிரித்தார்கள். நான் ராஜினாமாக் கடிதம் எழுதிச் சட்டைப் பையில் வைத்திருந்தேன். பிறகு அவர்களுடைய நிபுணர்கள் கூடி உட்கார்ந்தார்கள். உலகத்தில் எவனாவது பொய்க் குழலைப் பேருந்துச் சாலையில் வெளிப்படையாகக் காய வைப்பானா? ஆகவே இது வேண்டுமென்றே காட்டியது. 'எல்லாம் பொய்' என்று தங்களை நம்பவைக்கத்தான் நாம் காட்டுகிறோமாம், நிஜமானவை எங்கோ இதைவிட அதிகமாக ஒளிந்திருக்கின்றனவாம். அவர்கள் அரசாங்க அறிக்கையிலேயே இப்படி வந்திருக்கிறது. எண்பது என்று கணக்கிட்டிருக்கிறார்கள், அக்கா! எண்பது!

அவர்கள் இன்னும் நாற்பது வாங்குகிறார்கள். அதைக் காட்டி நாமும் கேட்டோம். மேலிடம் தட்டாமல் அனுமதித்துவிட்டது. தொழிற்சாலை இரவு பகலாக ஓடுகிறது, இந்த முறை எல்லாம் நிஜம். உன் பட்டறைக்கு வந்தவர்கள் டீ குடித்துவிட்டு அச்சை மட்டும் எடுத்துக்கொண்டு போனார்களே, ஏன் என்று யோசித்தாயா? உன்னைத் தண்டித்தால் நீ காட்டியது உண்மைதான் என்று அக்கரைக்காரனின் சந்தேகம் தீர்ந்துவிடும். அதனால் உன்னை யாரும் தொட மாட்டார்கள்.

இந்த இரட்டை ஏமாற்று என் திட்டம் என்று மேலே நம்புகிறார்கள். நான் மறுக்கவில்லை. புத்தாண்டில் எனக்குப் பதவி உயர்வு.

உன் மனக்குறையும் தீர்ந்தது. முதல் எட்டு நிஜக் குழல்களும் முனைத் தளத்துக்குத்தான் போகின்றன. மருமகன் இனி மணலைக் காவல் காக்க வேண்டாம். பொறுப்பு முழுக்க அவன் கையில். மூத்த அதிகாரிகள் நான்கு பேரைத் தாண்டி அவனுக்குக் கொடுத்திருக்கிறேன். என் பதவியேற்பு விழாவுக்கு நீ வந்து முன்வரிசையில் உட்கார வேண்டும். பழையதை மறந்துவிடு. இரத்தம் தண்ணீராகிவிடுமா?

அன்புடன்,
உன் தம்பி


ஜனவரி 15

தம்பிக்கு,

இதை உன் டிரைவர் கையில் கொடுக்கவில்லை. சாதாரணத் தபாலில் போடுகிறேன். யார் வேண்டுமானாலும் பிரித்துப் படிக்கட்டும். கண்ணால் பார்த்ததையே நம்பாதவர்கள், எழுத்தில் படித்ததை நம்பிவிடவா போகிறார்கள்?

விழாவுக்கு நான் வராதது உனக்குத் தெரியும். அன்று நான் முனைத் தளத்துக்குக் கீழே இருக்கும் ஊரில் இருந்தேன். இப்போதும் இங்கேதான் இருக்கிறேன். பட்டறையைப் பெயின்டரிடம் விட்டுவிட்டேன். மீன்பிடிப் படகுகளின் ஓட்டைகளை அடைக்கிற வேலை இங்கே நிறைய இருக்கிறது. ஒரு அறை எடுத்திருக்கிறேன். ஜன்னலைத் திறந்தால் மேட்டில் உங்கள் வண்டிகளின் முதுகு தெரியும்.

ஞாயிற்றுக்கிழமைகளில் அவனை வாசல்வரை விடுகிறார்கள். முதல் ஞாயிறு அவன் என்னிடம் பேசவில்லை. டீக்கடை பெஞ்சில் பக்கத்தில் உட்கார்ந்தான், டீயைக் குடித்தான், போய்விட்டான். இரண்டாம் ஞாயிறும் அப்படியே. போன வாரம்தான் பேசினான்.

"நிஜம் வந்திருச்சும்மா."

"தெரியும். உன் மாமா எழுதியிருந்தான்."

"மணலா இருந்தப்பவும் பயமாத்தான் இருந்துச்சு. செத்தா நாங்க முப்பத்திரண்டு பேரு, அவ்ளோதான்னு இருந்துச்சு. இப்ப ஏவுற சாவி என் கழுத்துல தொங்குது." சட்டைக்குள்ளிருந்து எடுத்துக் காட்டினான். "எதிர்க்கரையில ராத்திரி வெளக்கு எரியிறது இங்கேருந்து தெரியும்மா. துறைமுகம் எது, ஊரு எதுன்னு தனித்தனியாத் தெரியும். எதைக் குறி வெச்சிருக்குன்னு எனக்குச் சொல்லிட்டாங்க."

"எதைடா?"

அவன் டம்ளரைக் கையில் உருட்டிக்கொண்டே இருந்தான். ஆறு மாதத்துக்கு முன்பு கோபமாக என் ரெசின் டப்பாவை முகர்ந்தவனைத் தேடிப் பார்த்தேன். அந்தக் கோபம் முகத்தில் இல்லை. வேலையை விட்டுவிட எழுதிக் கொடுத்தானாம். இந்தப் பொறுப்பில் இருப்பவன் விலக முடியாது என்று திருப்பி அனுப்பிவிட்டார்களாம். கீழே உன் கையெழுத்து.

மணல் போடச் சொன்னது நான். தார்ப்பாயை எடுத்ததும் நான். முதலாவது உனக்கு உதவியாகப் போயிற்று. உன்னைக் கவிழ்க்கச் செய்த இரண்டாவது அதைவிடப் பெரிய உதவியாகப் போயிற்று. உன்னைப் போன்றவர்களின் கையில் உண்மையும் ஒரு தளவாடம்தான் என்று எனக்குத் தெரியாமல் போய்விட்டது. புரியாது என்று முதலிலேயே சொன்னாய். சரியாகத்தான் சொல்லியிருக்கிறாய்.

இவ்வளவு நாளும் உன்னைத் திட்டித் திட்டியே எழுதினேன். திட்டுவதற்கும் கொஞ்சம் பாசம் வேண்டியிருக்கிறது. நேற்று உன்னைத் திட்டலாம் என்று உட்கார்ந்தேன், ஒரு சொல்லும் வரவில்லை. எழுந்து படகு வேலைக்குப் போய்விட்டேன்.

பதில் எழுதாதே. வந்தாலும் நான் வாங்கப் போவதில்லை, தபால்காரரிடம் சொல்லிவிட்டேன். நாளை மறுநாள் ஞாயிறு. அவன் வருவான்.

இப்படிக்கு,
முனைத் தளத்தில் சாவி வைத்திருப்பவனின் அம்மா